கோபால்ட் அறைக்குப் போய்வந்த பிறகு

அந்த போன் வந்தபோது நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் மாத ஸ்கேன். பக்கத்தில் அம்மா டோக்கனைக் கையில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்பு ஒருமுறை கரு தங்காமல் போனதால், இந்தத் தடவை டாக்டர் அலைச்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெங்களூர் வீட்டில் கணவரை விட்டுவிட்டு, லேப்டாப்போடு அம்மா வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

போனில் பேசியவர் ஒரு பரிசோதனைக் கூடத்தின் பாதுகாப்பு அதிகாரி. நானும் என்னோடு வேலை செய்யும் தோழியும் சில மாதங்களுக்கு முன் அங்கே போயிருந்தோம். உள்ளே போகிறவர்கள் எல்லாரும், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பதிவு செய்யும் ஒரு பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும்.

"மேடம், நீங்க இங்க வந்தப்ப போட்டிருந்த பேட்ஜோட ரீடிங் இப்பதான் வந்திருக்கு. கொஞ்சம் அதிகமா காட்டுது."

"எவ்வளவு?"

அவர் ஒரு எண்ணைச் சொன்னார். திரும்பச் சொல்லச் சொன்னேன். அதே எண்தான். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவைவிட அது பல மடங்கு.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கர்ப்பமா இருக்கீங்களா?"

சுற்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

"அப்பவே இருந்தீங்களா?"

"அப்ப எனக்குத் தெரியாது," என்றேன்.

  ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், விவரம் எழுதுகிறேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அம்மா "யார்டி?" என்றாள். "ஆபீஸ்" என்றேன். என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோளில் வைக்கும் ஒரு சிறிய கருவியை எங்கள் குழு செய்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதன் வெளிமுகத்தில் ஒரு தகடு, செயற்கைக்கோளின் உடம்பில் எத்தனை வோல்ட் மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே வரும். வெயில் படும்போது மேலே சேரும் மின்சாரம் தானாகவே வடிந்துவிடும். துருவங்களுக்கு மேல், இருட்டில், எலெக்ட்ரான்கள் கொட்டும் இடத்தில் வடிய வழியில்லை. ஆயிரம் வோல்ட்கூட ஏறும். ஏறி எங்காவது ஒரு பொறி தட்டினால் போதும், உள்ளே ஒரு போர்டு செத்துப்போகும்.

எங்கள் கருவி ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அது அனுப்பிய கதிர்வீச்சு அளவு நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. கருவி பொய் சொல்கிறதா, வானம்தான் அப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதே மாதிரி செய்த இன்னொரு கருவியை எடுத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனோம். அங்கே தடித்த கான்கிரீட் சுவருக்குள் ஒரு அறை. அறையின் தரைக்கு அடியில், விடாமல் கதிர்வீச்சை உமிழும் விரல் நீளக் கோபால்ட் குச்சி. நாங்கள் உள்ளே போய்க் கருவியை வைத்து, வயரைச் சரிசெய்து, வெளியே வந்து கதவைப் பூட்டினால் குச்சி மேலே எழும். வேலை முடிந்ததும் கீழே இறங்கும். கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தால் மறுபடி உள்ளே போகலாம். அன்று பலமுறை போய்வந்தோம். பச்சை விளக்கை நம்பித்தான் போனோம்.

ஸ்கேன் டாக்டர் குழந்தையின் முதுகெலும்பைக் காட்டினார், இதயத்தைக் காட்டினார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. கதிர் பட்டால் குழந்தையின் தலை சிறுத்துப்போகலாம் என்று எப்போதோ படித்தது மட்டும் நின்றது.

"தலை சரியா இருக்கா டாக்டர்? அளவு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா. எல்லாரும் வேற எதையாவது சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. நீங்க தலையைக் கேக்கறீங்க."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கால்கள் குளிர்ந்துபோயிருந்தன.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். பாதிதான் சொல்லியிருந்தேன். அவர் "நான் கிளம்பி வர்றேன்" என்றார். வந்து என்ன செய்ய முடியும் என்று சண்டை போட்டேன். பச்சை விளக்கு எரிந்தபோது குச்சி முழுதாகக் கீழே இறங்கவில்லை என்றால்? பாதியில் சிக்கிக்கொண்டிருந்தால்? நாங்கள் உள்ளே நின்று பேசிச் சிரித்து வயரை மாற்றிக்கொண்டிருந்தபோது அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால்? இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் அம்மா துணி காயவைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

போனை வைத்ததும் அவள் முன்னால் வந்து நின்றாள். கையில் பிழிந்த பாவாடை அப்படியே இருந்தது.

"அந்த ரூம்ல இன்னாடி இருந்துச்சு?"

"கோபால்ட்டுன்னு ஒண்ணும்மா. அதுலருந்து கதிர் வரும்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சுடுமா?"

"சுடாது. ஒண்ணும் தெரியாது."

"வவுத்துல பட்டுச்சா?"

"தெரியலம்மா."

அவள் பாவாடையைக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டு இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்து நின்றதுபோல இருந்தது. நான் அழவில்லை.

"நைனா கிட்ட சொல்லாத. அது தாங்காது," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆறாவது படிக்கும்போது, சிங்கவரம் ரோட்டில் கம்பத்தில் ஏறியவரை ஒரு மினி லாரியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லைன் ஆஃபில்தான் இருந்தது. எங்கிருந்தோ கொஞ்சம் கரண்ட் அதில் மிச்சம் இருந்திருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்காது. அவரை இறக்கியபோது வந்த தீய்ந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆஃப் செய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. சுவிட்ச்போர்டைத் தொடும் முன்பு கையைத் துடைத்துக்கொள்வேன். ஆனாலும் இந்தப் படிப்பையும் இந்த வேலையையும்தான் எடுத்தேன். பயந்த பொருளின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். எந்த வாரத்தில் பட்டால் எந்த உறுப்பு பாதிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நான் அந்த அறைக்குப் போனது, கரு பிழைக்குமா பிழைக்காதா என்று தீர்மானமாகும் நாட்களின் கடைசியில் என்று ஒரு கட்டுரையை வைத்துக் கணக்குப் போட்டேன். அப்படியானால் பிழைத்துவிட்டதே என்று கொஞ்சம் நிம்மதி. அடுத்த கட்டுரையில் அந்த நிம்மதி போய்விடும். குழந்தை அசைந்தால் பயம். அசையாவிட்டால் அதைவிடப் பயம். மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை மலையான ராஜகிரியும் அதைச் சுற்றிக் கிடக்கும் பாறைகளும் தெரியும். பாறையிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. பிறந்ததிலிருந்து இதற்குள்தான் இருக்கிறேன் என்பது தெரிந்தும், மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அது முட்டாள்தனம் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தாள். எதற்கு என்று நைனா கேட்கவில்லை. வளைகாப்பு பேச வந்த சொந்தக்காரர்களிடம் "அப்பறம் பாக்கலாம், டாக்டர் வேணான்னு சொல்லிக்கீறாரு" என்று சொல்லி அனுப்பினாள்.

ரத்தத்தைக் குறிப்பிட்ட ஒரு ஆய்வகத்தில்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பாண்டிச்சேரிக்குப் போகவேண்டியிருந்தது. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் உடைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்களாம். உடைந்தவை அதிகம் என்றால் கதிர் உடம்பில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அம்மாவுக்கு அன்று காலையிலிருந்து தலைசுற்றல். அதனால் நைனா துணைக்கு வந்தார். சுகர் டெஸ்ட் என்று அவரிடம் சொல்லியிருந்தோம்.

பஸ்ஸில் திண்டிவனம் வழியாகப் போனோம். ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தார்.

"சுகருக்கு செஞ்சியிலயே எடுப்பாங்களே பாப்பா," என்றார் திடீரென்று.

நான் வெளியே பார்த்தேன்.

"உங்கம்மா ராத்திரில தூங்கறதில்ல. நீயும் தூங்கறதில்ல. நான் மட்டும் தூங்கறேன்னு நெனச்சிக்கினு கீறீங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் பக்கத்தில் வந்தபோது நிறுத்தி, போனதும் தொடர்ந்தேன்.  முடித்ததும், "பயமா இருக்குதா?" என்றார்.

"ரொம்ப பயமா இருக்குது நைனா."

"எனக்கும்தான்."

அவர் ஏதாவது தைரியம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மடங்காத விரல்கள் உள்ள கையை என் கைமேல் வைத்துக்கொண்டார். பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு, பதில் வருவதற்கு முன், சூரியனில் ஒரு பெரிய புயல் கிளம்பியது. அது பூமியை வந்து அடிப்பதற்கு இரண்டு நாட்கள் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. புயலின்போது எங்கள் கருவி சொல்வதைப் பார்த்து, செயற்கைக்கோளின் கேமராவையும் ரேடியோவையும் அணைக்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. அணைத்தால் படம் எடுக்கும் நேரம் வீணாகும். அணைக்காமல் பொறி தட்டினால் செயற்கைக்கோளே போய்விடும். தோழி பெங்களூரில் இருந்தாள், நான் செஞ்சியில் வீட்டுக் கூடத்துத் தரையில் காலை நீட்டி, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. நைனா போனில் இருந்து நெட் எடுத்தோம்.

துருவத்தைக் கடந்து வந்த ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தகவல் இறங்கியது. தென்துருவத்தில் அப்போது குளிர்கால இருட்டு. முதல் சுற்றில் சில நூறு வோல்ட். அடுத்ததில் ஆயிரத்தை நெருங்கியது. கதிர்வீச்சு எண்ணும் சில்லு வழக்கத்தைவிட வேகமாகக் கூட்டிக்கொண்டிருந்தது.

"நிஜமாவே இவ்ளோ ஏறுதா, இல்ல சில்லு ஒளறுதா?" என்று தோழி கேட்டாள். "கோபால்ட் ரூம்ல எடுத்த ரெக்கார்டோட ஒத்துப் பாரு. எனக்கு இங்க ஓப்பன் ஆகல. நான் லைன்ல இருக்கேன்."

அந்த ரெக்கார்டை, அதிகாரி போன் செய்த நாளிலிருந்து நான் திறக்கவே இல்லை.  வேறு வழியில்லாமல் திறந்தேன். அதில் ஒரு கோடு. குச்சி மேலே இருக்கும்போது கோடு சரிவாக ஏறுகிறது. குச்சி கீழே போனதும் படுத்துவிடுகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி படுக்கிறது. படிக்கட்டு மாதிரி. ஏறும் இடங்களின் சரிவை மேலிருந்து வந்த எண்ணோடு ஒப்பிட்டேன். சில்லு சரியாகத்தான் எண்ணுகிறது.

"உளறல. நிஜம்தான். தென்துருவத்தைத் தாண்டற வரைக்கும் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லு," என்றேன். அவள் இன்னொரு போனில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரையை மூடவில்லை.

படுத்திருக்கும் அந்த இடங்கள். கோடு படுத்திருந்த நேரத்தில்தான் நாங்கள் உள்ளே போனோம். கதவைத் திறந்ததும், வயரை மாற்றியதும், சிரித்ததும் அந்த இடங்களில்தான். கருவி அப்போதும் அணையாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றிருக்கிறேன். குச்சி பாதியில் சிக்கியிருந்தால் கோடு படுத்திருக்காது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். எல்லாம் சமமாகத்தான் இருந்தன. எங்கள் வீட்டுத் தரையில் அந்தக் கருவியை வைத்தால் எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் அதில் இருந்தது.

"ஏய், என்னாச்சு? ஏன் அழற?" என்றாள் தோழி.

சொன்னேன். அவள் தன் பக்கம் அந்த ரெக்கார்டைத் திறக்கும்வரை காத்திருந்தேன். எனக்கு என் கண்மேல் நம்பிக்கை இல்லை. அவளும் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல. நாம போனப்ப அந்த ரூம் சுத்தமா இருந்திருக்கு," என்றாள்.

"அப்ப பேட்ஜ்?"

அவள் அந்த நாளை நினைவுபடுத்திச் சொன்னாள். "உனக்கு அன்னைக்கு வேர்த்துக் கொட்டிச்சு. வாந்தி வருதுன்னு சொல்லி வெளிய ஓடினே. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டிக் குடுத்தே. நான் அதை உள்ள ஈயச் சுவருக்குப் பின்னாடி ஆணியில மாட்டினேன். அடுத்த ரன்ல குச்சி மேல வந்து இறங்கின அப்புறம்தான் எடுத்தோம்னு நெனைக்கிறேன்." பிறகு அவளே கேட்டாள். "பேட்ஜ் கோட்டுலதான இருந்துச்சு?"

கோட்டில்தான் இருந்தது. அந்த வாந்திக்கான பழியை அன்று ஹோட்டல் சாப்பாட்டின்மேல் போட்டேன். குழந்தைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாச்சி?"

"ஒண்ணும் ஆகலைன்னு தோணுதும்மா. பேட்ஜ் மட்டும் உள்ள மாட்டிக்கிச்சு. நான் வெளியதான் இருந்திருக்கேன்."

"தோணுதுன்னா? நிச்சியமா சொல்லு."

"ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்தாத்தான் நிச்சயம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நைனா கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அன்று மாலைவரை செயற்கைக்கோள் துருவத்தைத் தாண்டும்போதெல்லாம் கேமராவையும் ரேடியோவையும் அணைத்து, வெளியே வந்ததும் போட்டார்கள். ஒரு நினைவகத்தில் மட்டும் பிழை வந்தது. அதைத் திருத்திவிட்டார்கள். கேமரா பிழைத்தது.

ஆணியில் மாட்டிய வெள்ளைக் கோட்டைப் பற்றியும் ரெக்கார்டைப் பற்றியும் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதினோம். கதிரைப் பெருமளவு தடுக்கும் ஈயச் சுவருக்குப் பின்னால் அந்த ஆணியில் ஒரு பேட்ஜை மாட்டி, அதே ரன்னைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே எண் வந்தது என்று சொன்னார். பிறகு ரத்தத்தின் முடிவும் வந்தது. சாதாரண மனிதர்களுக்கு இருக்கும் அளவுக்குத்தான் உடைவு. அதிகாரி போனிலேயே "நிம்மதியா இருங்க மேடம்" என்றார்.

நான் நிம்மதியாக இல்லை. இதை யாரும் புரிந்துகொள்ளவில்லை, கணவர்கூட. எல்லாம் தெளிவாகிவிட்டது, பிறகு ஏன் இன்னும் தலையின் அளவைக் கேட்கிறாய் என்றார். கணக்கு சரியாகிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்தது. அந்தச் சில வாரங்களில் உடம்பு கற்றுக்கொண்டதை அதனால் விட முடியவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அதே குளிர்ந்த கால்களோடுதான் போனேன். பிரசவ வலி வந்தபோதுகூட, வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. குழந்தை அழுதாள். டாக்டர் எடையைச் சொன்னார். நான் "தலை?" என்றேன். அந்த அறையில் இருந்த நர்ஸ் ஒருத்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. எதைப் பிடித்தாலும் வாயில் வைக்கிறாள். காய்ச்சல் வந்தால் நான் மட்டும் தேவைக்கு மேல் பயப்படுகிறேன். அம்மா திட்டுகிறாள்.

போன மாதம் அடுத்த கருவிக்காக மறுபடி அந்தக் கூடத்துக்குப் போகவேண்டி வந்தது. வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். குழந்தையைச் செஞ்சியில் விட்டுவிட்டுப் போனேன். கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. தோழி உள்ளே போய்விட்டாள். என் கால் வாசலைத் தாண்டவில்லை. கையில் பிடித்துக் கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றை எடுத்து வரச்சொல்லி, அதன் முள் நகரவில்லை என்று இரண்டுமுறை பார்த்த பிறகுதான் உள்ளே போனேன். அங்கே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று விதி வைத்துவிட்டதாக ஒருவர் சொன்னார்.

வேலை முடிந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். நைனா எடுத்தார்.

"பாப்பா இன்னா பண்றா நைனா?"

"கீரை சாதம் துன்னுட்டு என் மேலயே படுத்துக்கினு கீறா. சத்தமா பேசாத, எழுந்துக்குவா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.